மேற்பரப்புக் குறை தடுப்புத் துறை

மாத்திரை அட்டையின் பின்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் பட்டென்று கிழிகிறதே ஒரு வெள்ளித் தாள், அதைச் செய்வதற்கென்று ஒரு தொழிற்சாலை இருக்கிறது என்பதும், அந்தத் தாளில் குறை வராமல் தடுப்பதற்கென்று அந்தத் தொழிற்சாலைக்குள் ஒரு துறை இருக்கிறது என்பதும், அந்தத் துறையில் தாளைக் கையால் தொட்டவர் ஒருவர்கூடக் கிடையாது என்பதும் மேசையம்மாவுக்கு வேலைக்குச் சேரும்வரை தெரியாது.

அந்தப் பெயரே அங்கே போன பிறகு வந்ததுதான். அதற்கு முன் ஒரு திரையரங்கின் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். திரையரங்கை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவள் கணவன், புது வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு, "இத்தனை வருஷம் கிழிச்சே. இனிமே கிழிஞ்சிருக்கான்னு பார்க்கப் போறே. பதவி உயர்வுதான்" என்றான்.

வேலை எளிமையானது. அலுமினியத் தாள் ஒரு பெரிய சுருளிலிருந்து பிரிந்து, பூச்சுத் தொட்டிக்கு மேலே ஓடி, ஒரு பக்கம் மட்டும் பூச்சு வாங்கிக்கொண்டு, சூடான அறைக்குள் காய்ந்து, மறுபுறம் இன்னொரு சுருளாகச் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு சுருளின் முனையிலும் ஒரு துண்டை வெட்டி, விளக்கெரியும் கண்ணாடி மேசையில் விரித்து அவள் பார்க்க வேண்டும். பூச்சு சரியாகப் பிடித்திருந்தால் தாள் மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். மாத்திரைக்கு ஈரம் போகாது. பிடிக்காத இடத்தில் கடுகளவு வட்டமாக, விளிம்பு கட்டி, ஒரு வழுக்கை விழும். பழைய ஆட்கள் அதை மீன்கண் என்பார்கள். மீன்கண் இருந்தால் அந்த இடத்தில் ஒட்டாது. அந்தச் சுருளை அனுப்பக் கூடாது. மேசையோரம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்த வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

இந்த அவ்வளவை விளக்கத் துறை வாரக்கணக்கில் பயிற்சி வகுப்பு நடத்தியது. வகுப்பில் துறையின் வரலாறு சொன்னார்கள். துறையின் சின்னத்துக்கு விளக்கம் சொன்னார்கள்: விரித்த உள்ளங்கை, அதன் நடுவில் மூடிய கண். மீன்கண்ணைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் எல்லோரும் ஒரு வெள்ளிச் சுருளின் மேல் வலது கையை வைத்து உறுதிமொழி எடுத்தார்கள்.

"குறையை நினையேன். குறையைப் பேசேன். குறையைக் காணேன்."

மூன்றாவது வரியை அவள் சொல்லவில்லை. "சார், நான் காணாம இருந்தா எனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டாள்.

"உறுதிமொழியில கேள்வி கேட்கக் கூடாதும்மா" என்றார் பயிற்சி கொடுத்தவர். "அதை மனசார உணரணும்."

துறையின் தலைவருக்குத் தொழிலாளிகள் வைத்திருந்த பெயர் பளபளப்பு. காலணி, வழுக்கை, மூக்குக் கண்ணாடி, உதடு, எல்லாமே ஈரமாக மின்னும் ஒரு மனிதர். கை குலுக்கினால் விட மாட்டார். விட்ட பிறகு நம் கையை எங்கே துடைப்பது என்று ஒரு யோசனை வரும். அவரிடம் கை குலுக்கியவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் ஒரு கையை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நடப்பதை மேசையம்மா முதல் நாளே கவனித்தாள்.

பூச்சு மெஷினை ஓட்டியவனுக்குப் பெயர் கையுறை. பூச்சில் கலக்கும் திரவம் பட்டுப்பட்டு அவன் விரல்களில் தோல் உரிந்துகொண்டிருந்தது. தொழிற்சாலை மருந்தகத்தில் கொடுத்த களிம்பைத் தடவி, அதன் மேல் எந்நேரமும் உறை போட்டிருப்பான். சாப்பிடும்போது மட்டும் கழற்றுவான். அப்போது பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். மேசையம்மா உட்கார்ந்தாள். அதிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தான். அவன் மனைவிக்கு அப்போது மாதம் நிறைந்துகொண்டிருந்தது.

முதல் மீன்கண்ணை அவள் பார்த்தது ஒரு காலை நேரம். ஒன்றல்ல, துண்டு முழுக்கச் சிதறிக் கிடந்தன. பொத்தானை அழுத்தினாள். மெஷின் பெருமூச்சு விட்டு நின்றது. அந்தத் தளத்தில் இருந்த அத்தனை பேரும், பொது இடத்தில் சத்தமாகக் காற்று விட்டவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள்.

கையுறை ஓடிவந்து குனிந்து பார்த்தான். "மீன்கண்ணுதான் அக்கா" என்றான். எழவு சொல்கிற குரலில் சொன்னான்.

வாசலில் 'குறையின்றிக் கடந்த நாட்கள்' என்று ஒரு பெரிய போர்டு உண்டு. அதிலிருந்த எண்ணைக் கழற்றிப் பூஜ்யம் மாட்டுவதற்கென்றே துறையில் ஒருவர் இருந்தார். அவர் ஏணியோடு வந்தார். பின்னாலேயே தலைக்கு வலை மாட்டிக்கொண்டு, வெள்ளை அங்கியில், துறை முழுவதும் வரிசையாக வந்தது. புகைப்படம் எடுத்தார்கள். மேசையம்மாவை முன்பக்கம், பக்கவாட்டில், பொத்தானை அழுத்திய விரலைத் தனியாக. தாளை யாரும் எடுக்கவில்லை.

"இதை முதல்ல பார்த்தது யாரு?" என்றார் பளபளப்பு.

"நான்தான் சார்."

"நீங்க பார்க்கிறதுக்கு முன்னாடி இது இருந்ததா?"

"இருந்ததாலதான் சார் பார்த்தேன்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

அவள் தாளை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதைப் பார்க்காமலே திருப்தியோடு தலையாட்டினார்.

அடுத்த வாரம் எல்லா ஷிஃப்டுகளையும் கூட்டி வைத்து அவர் பேசினார். மைக்கைப் பிடித்த கை வழுக்கிக்கொண்டே இருந்தது. "தோழர்களே, ஒரு உண்மையைச் சொல்றேன். இந்தத் தொழிற்சாலை ஆரம்பிச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிச்ச குறை அத்தனையும் எங்க கண்டுபிடிச்சிருக்காங்க? அந்த மேசையில. மெஷின்ல ஒண்ணாவது? இல்ல. குடோன்ல ஒண்ணாவது? இல்ல. அப்ப குறை எங்க உற்பத்தி ஆகுது? நீங்களே சொல்லுங்க."

துறையினர் கை தட்டினார்கள்.

முதல் நடவடிக்கையாக மேசை விளக்குகளில் பாதியைக் கழற்றினார்கள். அளவுக்கு மீறிய வெளிச்சம் தாளின் மேற்பரப்பைப் பாதிக்கிறது என்று காரணம் சொன்னார்கள். இரண்டாவது நடவடிக்கையாக மேசையம்மாவைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் சோதித்துவிட்டுக் கண்கள் மிக நன்றாக இருக்கின்றன என்றார். துறை கவலைப்பட்டது. தேவைக்கு மேற்பட்ட பார்வை, நிறுவனத் தரத்துக்கு ஒத்து வராது என்று கூடிப் பேசி, அந்தப் பார்வையைத் தரத்துக்குக் கொண்டுவர ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள் கதவு என்று நினைத்து அலமாரிக்குள் நுழையப் பார்த்தாள்.

"கண்ணு நல்லா இருக்குன்னு சொல்லிக் கண்ணாடி போட்டு விட்டாங்களா?" என்றான் கணவன்.

"ஆமா."

"நாளைக்கு மூக்கு நல்லா இருந்தா என்ன பண்ணுவாங்க?"

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் மூக்கும் வந்தது.

அரைகுறை வெளிச்சத்திலும், கலங்கிய கண்ணாடியிலும், தாளைச் சாய்த்துப் பிடித்தால் மீன்கண் தெரிந்தது. விரலால் தடவினால் தட்டுப்பட்டது. அவள் மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். மறுபடியும் ஏணி வந்தது. எண்ணெய்ப் பசை எதுவும் தாளில் பட்டால் பூச்சு பிடிக்காமல் விலகிக்கொள்ளும் என்று லேபில் யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மைதான். உண்மை கையில் கிடைத்ததும் துறை அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்து, தலை இயக்கத்தைத் தொடங்கியது.

தினமும் காலையில் வாசலில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். துறையினர் ஒவ்வொரு தலையாகக் குனிந்து முகர்ந்து பார்ப்பார்கள். எண்ணெய், வாசனைத் தைலம், சாயம் எது மணத்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேசையம்மாவின் கணவன் முடிதிருத்துகிறவன் என்று தெரிந்ததும் அவளைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். அந்த வரிசையைப் பளபளப்பே பார்த்துக்கொண்டார். அவர் மூக்கு அவள் வகிட்டில் உரசும். இழுத்த மூச்சைப் பிடரியில் விடுவார். வெதுவெதுப்பாக, நேற்றைய சாப்பாட்டு நாற்றத்தோடு. பிறகு கண்ணை மூடி யோசிப்பார். "ம்... போகலாம்" என்பார். அவள் நேராகக் குழாயடிக்குப் போய்க் கழுத்தைக் கழுவுவாள். கழுவிய பிறகும் அந்தச் சூடு அங்கேயே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். குழாயடியில் அவளுக்கு முன்னாலேயே பெண்கள் கழுத்தைக் கழுவிக்கொண்டு நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆண்கள் தொல்லையே வேண்டாமென்று மொட்டை அடித்துக்கொண்டார்கள். அவள் கணவனின் கடையில் இடமில்லாமல் தெருவரைக்கும் ஆள் நின்றது. "என் தொழில்ல இத்தனை வருஷத்துல ஒருத்தன் தலையையும் நான் மோந்து பார்த்தது இல்ல" என்றான் அவன். "அவ்வளவு கேவலமான நிலைமை எனக்கு வரல."

மொட்டைத் தலைகள் வந்த பிறகும் மீன்கண் வந்தது. சும்மா வரவில்லை, முக்கியமானவர்கள் பார்வையிட வந்துபோகிற நாட்களில் மொய்த்துக்கொண்டு வந்தது. பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் துறையிலிருந்து இருவர் ஸ்ப்ரே டப்பாவும் துணியுமாக வருவார்கள். ஓடுகிற மெஷினின் மூடிகள், தூண்கள், பூச்சுத் தொட்டியின் பக்கவாட்டு, எல்லாவற்றிலும் புஸ்ஸென்று அடித்து முகம் தெரியத் துடைப்பார்கள். மெஷின் கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கும். அந்த ஸ்ப்ரேயின் புகை சன்னல் வெயிலில் மெல்ல மிதந்து, ஓடிக்கொண்டிருக்கும் தாளின் மேல் இறங்குவதை மேசையம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பார்த்தாள்.

தன்னால் நம்ப முடியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட பதற்றத்தோடு அவள் கேன்டீனுக்குப் போனாள். லேபில் வேலை செய்கிற பெரியவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் லேப் அண்ணன். அவள் எதிரே உட்கார்ந்து தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். "தெரியும்மா."

"தெரியுமா?"

"அந்த ஸ்ப்ரே பாலிஷ்ல இருக்கிற எண்ணெய்ப் பசைதான். ஒரு பொட்டு விழுந்தாலும் பூச்சு ஒதுங்கிடும். இந்தக் கேன்டீன் பூனையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்."

"பளபளப்பு சாருக்கு?"

"அவருக்குத்தான் முதல்ல தெரியும். நானே போய்ச் சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. கேட்டுட்டு, 'போன தடவை சேர்மன் வந்தப்ப என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா?'ன்னாரு."

"என்ன நடந்தது?"

"சேர்மன் அந்த மெஷின் மூடியில தன் முகத்தைப் பார்த்தாரு. சீப்பை எடுத்துத் தலை சீவினாரு. 'சபாஷ்'ன்னு சொல்லிட்டுப் போனாரு. இந்தத் தொழிற்சாலையில அவர் வாயைத் திறந்து பாராட்டினது அது ஒண்ணைத்தான்." பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதைத் தேடிக்கொண்டே, "நான் ஓய்வு பெறப் போறவன்மா" என்றார்.

அவள் டீ வாங்காமலே எழுந்துவிட்டாள்.

இதற்கிடையில் சுருள்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவள் நிறுத்தி வைத்தவற்றைத் துறை 'மறுபார்வை' என்று எடுத்துப் போகும். மறுபார்வை நடக்கும் அறையில் விளக்கே கிடையாது. அங்கே எல்லாச் சுருளும் தேறிவிடும்.

ஒரு நாள் மருந்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். துறையின் கூட்ட அறைக்கு மேசையம்மாவையும் கூப்பிட்டார்கள். வெயிலில் அலைந்து கறுத்த, களைத்த மனிதர். பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் போட்டார். உள்ளே மாத்திரைகள் ஊறிப் பெருத்து, பழுப்பேறி, சிலது பிசின்போல வழிந்திருந்தன. ஒரு அட்டையைப் பிதுக்கிக் காட்டினார். ஈரக் கோணியில் எலி செத்துக் கிடந்ததுபோல ஒரு நாற்றம் அறையில் பரவியது. "இது இதய நோய்க்கான மாத்திரை சார். கடையில இருந்து எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கிட்டு இருக்கோம். எடுக்கிறதுக்கு முன்னாடி யார் யார் சாப்பிட்டாங்களோ, தெரியல" என்றார்.

பளபளப்பு அட்டையை விரல் நுனியால் திருப்பிப் பார்த்தார். "மாத்திரை நனைஞ்சிருக்கு. தாள் நனையலையே?"

வந்தவர் விழித்தார்.

"எங்க பொருள் தாள். அது காய்ஞ்சுதான் இருக்கு. உங்க பொருள் மாத்திரை. அதுதான் நனைஞ்சிருக்கு. ஈரத்தைத் தாங்குற மாத்திரையை நீங்க ஏன் செய்யக் கூடாது?"

வந்தவர் மேசையம்மாவைப் பார்த்தார். அந்த அறையில் தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவள் தலை குனிந்தாள். அவர் அட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இதை உங்க சேர்மன்கிட்ட பேசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேர்மன் காதுக்குப் போனதும் ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் என்றால் கைகால் உள்ள காரணம். துறை தளத்தைச் சுற்றி வந்தது. பூச்சுத் தொட்டிக்குப் பக்கத்தில் உறை போட்டுக்கொண்டு நின்ற ஒருவனைக் கண்டது. உறையைக் கழற்றச் சொன்னார்கள். உரிந்த விரல்களில் களிம்பு மின்னியது. களிம்பில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பசை பட்டால் பூச்சு விலகும். எல்லாம் பொருந்திவிட்டது. களிம்பைக் கொடுத்தது தொழிற்சாலை மருந்தகம் என்று கையுறை சொன்னான். "மருந்து கொடுத்தாங்க சரி. புண்ணு யாருது?" என்று கேட்டார்கள்.

அன்று மதியம் பளபளப்பு மேசையம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். நாற்காலி உறைகூட வழுவழுவென்று இருந்தது.

"விசாரணையில நீங்கதான் முக்கியமான சாட்சி. அவன் வெறுங்கையால தாளைத் தொட்டதைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வேலையை நிரந்தரம் ஆக்கிடலாம்."

"வேலை நேரத்துல அவன் உறையைக் கழட்டினதே இல்ல சார். மீன்கண் வர்றது அந்த ஸ்ப்ரேயால."

கோபப்படுவார் என்று நினைத்தாள். அவரோ பரிவோடு சிரித்தார். "எனக்குத் தெரியாதாம்மா? ஸ்ப்ரேயை இன்னைக்கு நிறுத்தினா நாளைக்கே எல்லாம் சரியாயிடும். ரொம்பச் சுலபம். ஆனா அப்புறம்? குறை இல்லன்னா தடுப்பு எதுக்கு? தடுப்பு இல்லன்னா இந்தத் துறை எதுக்கு? எத்தனை பேர் இதை நம்பிக் குடும்பம் நடத்துறோம், யோசிச்சுப் பார்த்தீங்களா? நானும் ராத்திரி தூங்குறதில்ல. ஒரு நல்ல குறை வந்து துறை நிலைச்சு நிக்கிறதுக்கு நாங்க எவ்வளவு பாடுபட்டிருக்கோம் தெரியுமா?" அவர் கண்களில் உண்மையாகவே நீர் கோத்துக்கொண்டது. அதுவும் மின்னியது. "ஒருத்தன் போறான். ஒரு துறை நிக்குது. நீங்களும் ஒரு தாய்தானே?"

எழுந்தபோது அவர் கையை நீட்டினார். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

விசாரணை பொதுக்கூடம்போல நடந்தது. மேடை, மைக், முன்வரிசையில் துறை, பின்னால் தொழிலாளிகள், ஓரத்தில் உரிந்த கைகளை மடியில் வைத்தபடி கையுறை. மேசையம்மா மைக்கின் முன் நின்றாள். திரையரங்கில் இருந்த காலத்தில்கூட அவள் மேடைப்பக்கம் போனதில்லை.

"அந்தத் தம்பி தாளைத் தொட்டதை நான் பார்க்கல. துறைக்காரங்க மெஷினுக்குப் பாலிஷ் அடிக்கிறாங்க. அந்தப் புகை தாள்ல விழுது. அதைப் பார்த்தேன். அதுதான் மீன்கண்ணு ஆகுது. இது எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்போது வருகிற சலசலப்பு. பின்வரிசையில் யாரோ, "ஆமா" என்றான். இன்னொருவன், "சொல்லுங்கக்கா" என்றான். மொட்டைத் தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. முன்வரிசையில் வெள்ளை அங்கிகள் முதல்முறையாகக் கொஞ்சம் கசங்கின. மேசையம்மா நிமிர்ந்து நின்றாள். பளபளப்பு அவசரமாகக் கூட்டத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஒத்திவைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் கையுறையை எங்கும் காணவில்லை.

மறுபடி கூடியபோது அவன் துறையின் வரிசையிலிருந்து எழுந்து மைக்குக்கு வந்தான். யாரையும் பார்க்கவில்லை. "என் கைதான் காரணம்" என்றான். "உறையைக் கழட்டிட்டு வேலை செஞ்சேன். அலட்சியம். என்னால மாத்திரை கெட்டுப்போச்சு. அக்கா என் மேல பாசத்துல ஏதோ சொல்றாங்க. துறை என்னை மன்னிக்கணும்."

துறை அங்கேயே, அப்போதே, மன்னித்தது. பளபளப்பு மேடையேறி அவனைக் கட்டிக்கொண்டார். அவனுடைய உரிந்த கையைத் தன் ஈரக் கையால் பிடித்து உயர்த்திக் காட்டினார். முன்வரிசை கை தட்டியது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையும் தட்டியது. "ஆமா" என்று சொன்னவனும் தட்டினான். மேசையம்மா எழுந்து வெளியே போனாள்.

கையுறைக்கு வேலை போகவில்லை. துறையிலேயே விழிப்புணர்வுப் பேச்சாளராகப் பதவி கொடுத்தார்கள். வெள்ளை அங்கி கொடுத்தார்கள். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் போய்த் தன் கைகள் செய்த குற்றத்தை விவரிப்பது வேலை. நன்றாகவே பேசினான். போகப்போகப் புதுப்புது விவரங்களைச் சேர்த்துக்கொண்டான். சில இடங்களில் கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பதவி கிடைத்த சில நாட்களில் மேசைக்கு வந்து நின்றான். "அக்கா, பொண்ணு பிறந்திருக்கு."

"நல்லா இருக்கட்டும்" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கோவமா?"

"உனக்காகத்தானேடா பேசினேன்?"

"அதனாலதான் அக்கா தப்பிச்சேன்." குரலைத் தாழ்த்தினான். அதில் நன்றி இருந்தது; அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "நீங்க பேசாம இருந்திருந்தா என்னை அன்னைக்கே வெளிய தள்ளியிருப்பாங்க. நீங்க உண்மையைச் சொன்னதும் அவங்களுக்கு நான் தேவைப்பட்டேன். என்ன வேணும் கேளுன்னாங்க. நான் என்னக்கா பண்றது? வீட்ல அவளுக்குப் பிரசவ வலி எடுத்திருந்த நேரம்."

அவன் செய்ததைத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்ல வயிறு விடவில்லை. அவன், "இந்த மாசம் மட்டும் பொத்தானை அழுத்தாம இருங்கக்கா. நான் சேர்ந்த முதல் மாசம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அழுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. மருந்துக் கம்பெனி வாங்குவதை நிறுத்தியது. மற்ற கம்பெனிகளும் கேள்விப்பட்டு நிறுத்தின. சுருள்கள் குடோனில் கூரைவரை ஏறின. பிறகு மெஷினை நிறுத்திவிட்டார்கள். தொட்டியில் இருந்த பூச்சு காய்ந்து வெடிப்பு விட்டது. தளத்தில் வேலை செய்தவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். துறைக்கு மட்டும் வேலை நிற்கவில்லை. மெஷினுக்குப் பாலிஷ் போட்டார்கள். காலையில் தலைகளை முகர்ந்தார்கள். வாசல் போர்டில் எண் நாளுக்கு நாள் ஏறியது. தொழிற்சாலையின் சரித்திரத்திலேயே இல்லாத உயரத்துக்குப் போனது.

அந்த எண்ணைப் பார்ப்பதற்காக வெளியிலிருந்து தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு வந்தது. சேர்மனும் வந்தார். குழுத் தலைவி நிற்கும் மெஷினைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். நிமிர்ந்தாள். ஒரு குறையும் தென்படவில்லை. சேர்மன் மூடியில் முகம் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் போகாத தொழிற்சாலை இல்ல" என்றாள் குழுத் தலைவி மைக்கில். "எங்க போனாலும் ஏதாவது ஒரு குறை இருக்கும். ஒரு கறை, ஒரு கீறல், ஒரு ஓட்டை. இங்கதான் முதல்முறையா ஒண்ணுமே இல்ல. இந்த நிலையை அப்படியே காப்பாத்துங்க."

"உயிரைக் கொடுத்தாவது காப்பாத்துவோம்" என்றார் பளபளப்பு. கேடயத்தை வாங்கும்போது அது கையிலிருந்து வழுக்கியது. கையுறை ஓடிவந்து தாங்கிப் பிடித்தான்.

அந்த மாதக் கடைசியில் தளத்தில் வேலை செய்த எல்லோரையும் நிறுத்தினார்கள். துறையை விரிவுபடுத்த இடம் தேவைப்பட்டதால் மேசையையும் எடுத்துவிட்டார்கள். மேசையம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கையுறை அங்கி படபடக்கப் பின்னால் ஓடிவந்தான்.

"அக்கா, ஒரு நிமிஷம். துறையில ஒரு இடம் இருக்கு. உங்களுக்காகச் சொல்லி வச்சிருக்கேன்."

"என்ன வேலை?"

"மெஷினைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

"ஓடாத மெஷினையா?"

"ஏதாவது ஆரம்பிச்சிடுச்சுன்னா சொல்லணும் இல்லக்கா?"

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"பார்த்தவரைக்கும் போதும்ப்பா" என்றாள். "பொண்ணை நல்லா வளர்த்துக்கோ."

வீட்டில் சில மாதங்கள் சும்மா இருந்தாள். கணவன் எதைச் சொன்னாலும், "அப்படியா? அதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. குழம்பில் உப்பு அதிகம் என்று அவன் சொன்னால், "நீங்க சாப்பிடுறதுக்கு முன்னாடி அதிகமா இருந்ததா?" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். அவள் சீக்கிரம் நிறுத்திக்கொள்வாள்.

பிறகு கடைத்தெருவில் போர்வையும் தலையணை உறையும் விற்கிற ஒரு கடையில் வேலை கிடைத்தது. வந்து இறங்கும் மூட்டையைப் பிரித்து அடுக்க வேண்டும். முதல் நாள், வெள்ளைப் போர்வை ஒன்றை உதறி மடிக்கும்போது நடுவில் காசளவு பழுப்பாக ஏதோ தெரிந்தது. அவள் அப்படியே நின்றுவிட்டாள். மடித்து அடியில் வைத்துவிடலாமா என்று நினைத்தாள். பிறகு முதலாளியிடம் கொண்டுபோய் விரித்துக் காட்டினாள்.

"இங்க... ஏதோ இருக்கிற மாதிரி இருக்குங்க. எனக்கு அப்படித் தெரியுது."

முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "ஆமாம்மா, கறை. தனியா எடுத்து வை, திருப்பி அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் போகவில்லை. போர்வையைக் கையில் ஏந்தியபடி அங்கேயே நின்றாள்.

"என்னம்மா?"

"என்னன்னு சொன்னீங்க?"

"கறைன்னேன்."

மேசையம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.